ஐஸ் பெட்டியில் ரெண்டு பாம்பு

சொர்ணம் யாரையும் நம்பாதவள். கடலை நம்ப மாட்டாள், காற்றை நம்ப மாட்டாள், வைத்திக்குப்பம் கரையில் மீன் ஏலம் கூறுகிறவனை நம்பவே மாட்டாள். கல்யாணத்தன்று தாலி ஏறின கையோடு, முடிச்சு மூன்றும் ஒழுங்காக விழுந்ததா என்று கழுத்தைத் தடவிப் பார்த்தவள் அவள் என்று குப்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீன் வாங்கி விற்கிறவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் ஏலத்தில் நேற்றைய சங்கரா மீனைத் தலையில் கட்டிவிடுவார்கள். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து, அப்புறமும் மோந்து பார்த்துத்தான் கூடையில் போடுவாள்.

வீட்டுக்காரன் தட்சிணாமூர்த்திக்கு இழுப்பு. கடலுக்குப் போய் நாளாகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலை முடிவான், நடுநடுவே மூச்சுக்கு ஏங்குவான். ஆகவே சொர்ணத்தின் கூடை எழுந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கூடைக்கும் ஒரு நல்ல நாள் உண்டென்றால் அது வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சம்பா கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள், மீன்தான். அந்த வீடுகளெல்லாம் சொர்ணத்தின் வாடிக்கை. அதிலே பெரிய வாடிக்கை பட்டாளக்கார 'சொல்தா' தொமினிக் வீடு. தொமினிக் சைகோன் வரைக்கும் போய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பான்சியோன் என்று பென்ஷன் வாங்கிக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு ஊரில் உட்கார்ந்திருந்தவர். தட்சிணாமூர்த்தியின் மருந்து அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் வாங்கப்பட்டது.

பெரிய மார்க்கெட்டு மீன் கொட்டகையில் சொர்ணத்துக்குப் பக்கத்து இடம் வீராயியுடையது. வீராயி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான், தட்சிணாமூர்த்தியின் தம்பி பெண்டாட்டி. அதிகம் பேச மாட்டாள். அதுவே சொர்ணத்துக்குப் பிடிக்காது. வாயைத் திறந்து திட்டுகிறவளை நம்பலாம், மூடிக்கொண்டு இருக்கிறவள் உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று யார் கண்டது?

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் வீராயி கூடைக்குப் பதில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியே தேக்குப் பலகை, உள்ளே துத்தநாகத் தகடு, இரண்டுக்கும் நடுவே மரத்தூள் அடைத்திருந்தது. அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை, அதற்கு ஒரு தக்கை. மீனுக்கு மேலும் கீழும் உடைத்த ஐஸ். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக ஏதோ எழுதியிருந்தது.

"என்னாடி இது, மீனுக்குப் பாடையா?" என்றாள் சொர்ணம்.

"தொமினிக் அய்யாதான்க்கா சொல்லிக் குடுத்தாரு. சைகோன்ல பட்டாளத்துக்கு இப்பிடித்தான் வெப்பாங்களாம். முதலியார்பேட்டையில ஐஸ் போடறாங்க இல்ல, அங்கேர்ந்து வாங்கியாந்தேன்."

"மேல என்னா எழுத்து?"

"அவரே எழுதிக் குடுத்தாரு. அங்க ரொட்டிப் பொட்டியில ரொட்டின்னும் மீன் பொட்டியில மீனுன்னும் எழுதணுமாம். இல்லாட்டி தண்டனையாம்."

தொமினிக் பெயரைக் கேட்டதும் சொர்ணத்துக்கு வயிறு எரிந்தது. தன் வெள்ளிக்கிழமை வாடிக்கைக்காரன் இவளுக்குப் பெட்டி செய்யச் சொல்லிக் கொடுக்கிறானாமே!

கொட்டகையில் மத்தியானம் என்றால் எல்லாருக்கும் பயம். வெயில் ஏறினால் மீன் இறங்கும். அதற்கென்றே சில மகராசிகள் பன்னிரண்டு மணிக்குமேல் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், இவள் எப்படியும் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் அவர்களுக்குத் தலை குனிந்தவர்கள்தான். பெட்டி வந்த பிறகு வீராயி குனியவில்லை. "வாணாம்னா போங்க, சாயங்காலம் விக்கிறேன்" என்று மூடியைச் சாத்திவிட்டு வெற்றிலை போட்டாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் அவளிடம் நின்றார்கள். அந்த நேரத்தில் கொட்டகையில் மீன் விற்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சொர்ணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு வேலை இல்லாமல் இல்லை, வேலையே அதுவாகப் போயிற்று. ஒரு புதன்கிழமை வீராயி பெட்டிக்குள் வைத்த வஞ்சிரம் ஒன்றுக்கு வால் நுனி அறுந்திருந்தது, வலையில் மாட்டி அறுந்திருக்கும். வியாழன் சாயங்காலம் அதே வால் அறுந்த வஞ்சிரம் வெளியே வந்தது. வாங்க வந்த அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு! சொர்ணத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்றுச் செத்த மீன் இன்றைக்குச் சிவப்பதாவது! ஐஸ் என்பது வெறும் தண்ணீர்தானே? தண்ணீர் இதைச் செய்யுமா? உள்ளே மருந்து இருக்கிறது. பேசாமல் இருக்கிறாளே, அதுதான் காரணம்.

அன்று ராத்திரிச் சோற்றில் தட்சிணாமூர்த்தியிடம் சொன்னாள். அவன், "ஐஸ்னா கெடாதுன்னு சொல்றாங்களே" என்றான்.

"சொல்றாங்க! நீ பாத்தியா? எல்லாத்தையும் நம்பிக்கிட்டே இரு. நாளைக்கி சொல்தா வீட்டு வாடிக்கையும் அவகிட்டப் போவும், அப்ப உன் மருந்த ஐஸ்லயே காய்ச்சிக் குடி."

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் தொமினிக் வீட்டு வேலைக்காரி சொர்ணத்தைத் தாண்டிப் போய் வீராயியிடம் நின்றாள். பின்னாலேயே சம்பா கோவில் தெரு முழுக்கப் போயிற்று. தட்சிணாமூர்த்தியின் மருந்து பாட்டிலில் தண்ணீர் கலந்து கொடுக்கிற நிலைமை வந்துவிட்டது. சொர்ணம் அழவில்லை. அவளுக்கு அழுகையெல்லாம் கோபமாகத்தான் வரும்.

அப்போதுதான் கொட்டகைக்கு ராமதாஸ் வந்து சேர்ந்தான். சுகாதார இன்ஸ்பெக்டருக்கு உதவி ஆள், கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தவன். கறுப்புக் குடை, சட்டைப் பையில் பேனா. ஊர்ப் பெயர்ப் பலகைகளையெல்லாம் நின்று இங்கிலீஷில் வாய்விட்டுப் படிப்பான், பிரெஞ்சில் இருந்தால் முகம் சுளிப்பான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூக்கில் கைக்குட்டையோடு அவன் சொர்ணத்தின் முன்னால் வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"சார், படிச்சவங்க நீங்க. அந்தப் பொட்டி மேல என்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்களேன்."

ராமதாஸ் குனிந்தான். எழுத்துக் கூட்டினான். திடுக்கென்று நிமிர்ந்தான்.

"பாய்சன்!"

"அப்பிடின்னா?"

"விஷம்மா, விஷம்! ஒரு எஸ் அதிகமாப் போட்டிருக்கான். பிரெஞ்சுக்காரனுங்களுக்கு இங்கிலீஷ் எங்க எழுத வரும்?"

சொர்ணத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. கண்ணால் கண்டது, மனசால் நினைத்தது, எழுத்திலேயே எழுதியிருக்கிறது! "கேட்டுக்குங்கடி!" என்று கொட்டகை இடிகிற மாதிரி கத்தினாள். "விஷத்தப் போட்டு விக்கிறா! பொட்டி மேலேயே எழுதி வெச்சிருக்கா! ரெண்டு நாள் மீனு எப்பிடிடி செவக்கும்னு நான் அன்னைக்கே கேட்டனே!"

வீராயி பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "மீனுன்னுதான சொன்னாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. வாங்க வந்தவர்கள் வாங்கினதைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் தன் பிள்ளையின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள், அது முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் ஊருக்குப் புதுசு. பெட்டியைப் பார்த்தார், ராமதாஸைப் பார்த்தார், கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னார். "எந்தக் கூடையில எது கலந்திருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? பரிசோதனை ஆகிற வரைக்கும் ஒரு மீன்கூட வெளியே போகக் கூடாது."

"அய்யா, எங்க கூடையில ஒண்ணுமில்லீங்க. அந்தப் பொட்டிதான்" என்றாள் சொர்ணம்.

"எல்லாம் ஒரே கொட்டகைதானே" என்றார் அவர்.

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் சொர்ணத்துக்குத் தன் கூடை கண்ணில் பட்டது. அன்றைக்கென்று கடன் சொல்லி நல்ல வஞ்சிரமாக எடுத்திருந்தாள், வெள்ளிக்கிழமை வீடுகளில் ஒன்றிரண்டையாவது திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று. வெயில் ஏறியது. தகரக் கூரை. ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள், ஓடிப் போய் மறுபடி நனைத்துக்கொண்டு வந்தாள். ஈ வந்தது. கண்கள் மங்கின. செவுள் வெளுத்தது. அவளுக்குத் தெரிந்த அடையாளமெல்லாம் அவள் மீனிலேயே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வீராயி மட்டும் பெட்டி மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அசையவில்லை.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கைத்தடி சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் இல்லாமல் சோறு தின்ற ஆத்திரத்தில் தொமினிக்கே புறப்பட்டு வந்திருந்தார்.

"மோன் தியே! எவன் அவன் விஷம்னு படிச்சவன்? புவாசோன்! புவாசோன்னா மீன்! நான் எழுதினேன். மூணு வயசுப் பிள்ளையக் கேளுங்க எங்க தெருவுல. இருநூறு முந்நூறு வருஷமா இந்த ஊர்ல மீனுக்கு அதாங்க எழுத்து."

இன்ஸ்பெக்டர் ராமதாஸைத் திரும்பிப் பார்த்தார். ராமதாஸ் தன் குடையைப் பார்த்தான். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மீனெல்லாம் அப்போதுதான் கரையேறியது போலக் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஐஸை வாயில் போட்டுச் சுவைத்துக்கூடப் பார்த்தார். பிறகு தன் தவறை மறைக்க ஏதாவது கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமே, சொன்னார்: "இதை விக்கலாம். மத்தது எல்லாம் கெட்டுப் போச்சு, பினாயில் ஊத்திக் கொட்டுங்க."

சொர்ணத்தின் வஞ்சிரத்தின் மேல் பினாயில் விழுந்தது. அவள் கண்முன்னாலேயே விழுந்தது. எதிர் வரிசை ஆயம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து, "உன் நாக்க அறுத்துக் கருவாடு போடணும்டி, எங்க பொழப்புலயும் மண்ணப் போட்டியே" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சொர்ணம் காலிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தன் வாயால் தன் கூடையைக் கவிழ்த்தவள் அவள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சந்தேகம் என்பதை ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் அது சொன்ன திசையில் மட்டும் போகாது. அடுத்த நாளிலிருந்து வருகிறவர்கள் சொர்ணத்தின் கூடையை எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"ஐஸ் இல்லியா?"

"காலையில கரையேறின மீனும்மா. செவுளப் பாருங்க."

"யாரு கண்டா? ஐஸ் போடாத மீனத்தான அன்னைக்கி பினாயில் ஊத்திக் கொட்டினாங்க."

துடிக்கிற கெழங்கானைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அதை வாங்காமல் முந்தின நாள் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது, ஐஸைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. இது என்ன அக்கிரமம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மழைக் காலத்தில் தட்சிணாமூர்த்திக்கு மூச்சு ராத்திரி முழுக்க விசில் அடித்தது. ஒரு விடியற்காலையில் சொர்ணம் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக்கொண்டு போய்ச் சேட்டுக் கடையில் வைத்தாள். பெட்டி செய்யச் சொன்னாள்.

பெட்டியென்றால் அந்த எழுத்தும் வேண்டுமே. இப்போது ஊரில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்கள்தான் முதலில் நிற்கிறார்கள். பலகை எழுதும் கண்ணையன் முத்தியால்பேட்டைக்காரன். பிரெஞ்சுப் பலகைகளை அழித்து இங்கிலீஷில் எழுதச் சொல்லி ஊரே அவனைத் துரத்திக்கொண்டிருந்த காலம். "வீராயி பொட்டியில இருக்கிறதேதான் வேணும், ஒரு புள்ளி மாறக் கூடாது" என்றாள். "தெரியாதா ஆச்சி" என்றான். எழுதிக் கொடுத்தான். வெள்ளைப் பெயிண்ட் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் பெட்டி கொட்டகைக்கு வந்தது. சொர்ணம் ஐஸைக் கொட்டி மீனை அடுக்கினாள். மூடியைச் சாத்தினாள். சாத்திவிட்டுச் சும்மா இருந்தாளா? மற்றவளாக இருந்தால் இருந்திருப்பாள். இவளுக்குக் கண் அரித்தது. தன் மூடியைப் பார்த்தாள், பக்கத்து மூடியைப் பார்த்தாள். அந்தக் கலகத்துக்குப் பிறகு அவள் வீராயியோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எழுந்து போய் அவள் மூடி மேல் விரல் வைத்து எழுத்தைத் தடவினாள். ஒரு கம்பு, அதில் ஒரு வயிறு. அடுத்து ஒரு வளையல். ஒரு நட்ட குச்சி. அப்புறம் ஒரு பாம்பு. அதே மாதிரி இன்னொரு பாம்பு. திரும்பி வந்து தன் மூடியைத் தடவினாள். ஒரு பாம்புதான் இருந்தது.

"உன் பொட்டியில ரெண்டு பாம்பு" என்றாள் மெதுவாக. "எம்பொட்டியில ஒண்ணு. கண்ணையனுக்கு என்னாடி குடுத்தே?"

"நான் எதுக்குக்கா குடுக்கப் போறேன்?" என்றாள் வீராயி.

தொமினிக் மீன் வாங்க வந்தார். இப்போதெல்லாம் அவரே வந்துவிடுகிறார். சொர்ணத்தின் மூடியைப் பார்த்ததும் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"இதை எவன் எழுதினான்?" என்று குரலைத் தணித்தார். "ஒரு எஸ் போச்சுன்னா எங்க பிரான்சேலயும் அது விஷம்மா. இங்கிலீஷ்லயும் விஷம். நெசமாவே விஷம்னுதான் எழுதியிருக்குது. உக்காரு, உக்காரு அதும்மேல! நான் போயி அந்தப் பயலக் கூட்டியாரேன்."

சொர்ணம் தொப்பென்று மூடி மேல் உட்கார்ந்தாள். உள்ளே கம்மல் விலை மீன். வெளியே குடையோடு ராமதாஸ்.

பாவி, அன்றைக்கென்று காலையிலேயே வந்து நின்றான். அந்தக் கலகத்துக்குப் பிறகு மார்க்கெட்டுப் பையன்கள் அவனுக்குப் 'பாய்சன் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் ஒரு எழுத்துப் பிழையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

"புதுப் பொட்டியா? என்ன எழுதியிருக்குது? எழுந்திரும்மா, பாக்கணும்."

"முட்டி புடிச்சிக்கிச்சு சார். எழ முடியல."

"எழ முடியாதவ எப்பிடி வந்தே? எழுந்திரு."

சொர்ணம் முந்தானையை விரித்து மூடியின் ஓரத்தையும் மறைத்தாள். ராமதாஸ் வீராயி பக்கம் திரும்பினான். சிரித்தான்.

"நீ சொல்லும்மா. பக்கத்துலேயே இருக்கிறியே. அன்னைக்கி உன்னக் காட்டிக் குடுத்தவதான இவ? இவ பொட்டியில ஏதாவது தப்பு இருக்குதா?"

வீராயி பாக்கை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுக்கினாள். சொர்ணம் அவள் வாயையே பார்த்தாள். இத்தனை நாள் மூடியே இருந்த வாய், இன்றைக்குத் திறக்கப் போகிறது. திறந்தால் என்ன தப்பு? தன் கையிலேயே இந்தச் சந்தர்ப்பம் வந்திருந்தால் தான் விட்டிருப்போமா?

"எம்பொட்டியில இருக்கிறதேதான் சார்" என்றாள் வீராயி. "மீனுன்னு எழுதியிருக்குது. உங்களுக்குத்தான் அன்னைக்கே சொன்னாங்களே, மறந்துட்டீங்களா?"

எதிர் வரிசையில் ஆயம்மா களுக்கென்று சிரித்தாள். எங்கிருந்தோ, "பாய்சன் சாரு!" என்று ஒரு குரல் வந்தது. ராமதாஸ் குடையை விரித்துக்கொண்டு, கூரை இருந்த இடத்திலேயே விரித்துக்கொண்டு, வெளியே போய்விட்டான்.

தொமினிக்கின் கைத்தடிக்கு முன்னால் ஓடி வந்தான் கண்ணையன். "எடம் பத்தல ஆச்சி. ஒரே எழுத்த ரெண்டு வாட்டி எதுக்குன்னு ஒண்ண விட்டுட்டேன்" என்றான்.

"ஒரு எழுத்துக்குத்தான்டா ஒரு கொட்டகை மீனையே கொட்டினாங்க! எழுதுடா என் பாம்ப!" என்று கத்தினாள் சொர்ணம். அவள் மூடியிலிருந்து இறங்கிக்கொள்ள, கண்ணையன் நடுவே ஒரு ஒல்லிப் பாம்பை நெருக்கி எழுதினான். சொர்ணம் அதைப் பெயிண்ட் காய்வதற்குள்ளேயே தடவிப் பார்த்து விரலை வெள்ளையாக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வரைக்கும் வியாபாரம் நடந்தது. ஒரு வீடு திரும்பி வந்தது, அப்புறம் இன்னொன்று. ஆனால் அவளுக்கு அதில் மனசு நிலைக்கவில்லை. வீராயி எதற்கு அப்படிச் சொன்னாள்? உள்ளே என்ன கணக்கு வைத்திருக்கிறாள்? கொட்டகை காலியாகிற நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏண்டி, எதுக்கு அப்பிடிச் சொன்னே?"

வீராயி தக்கையைப் பிடுங்கி உருகின தண்ணீரை வடியவிட்டாள். "நீ ஒரு வாட்டி கத்தி கொட்டகைய மூட வெச்சது போதாதா? நானும் கத்துனா மறுபடி மூடுவாங்க. எம்மீனும் இதுலதான கெடக்குது."

சொர்ணம் அந்தப் பதிலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. அதில் கெட்ட வாடை எதுவும் இல்லை. பாசம், உறவு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இதை நம்ப முடிந்தது.

"உன் ஐஸு தீந்துபோச்சா?" என்று கேட்டாள். வீராயி தலையாட்டியதும், தன் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, அளவு சரிதானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அவள் பெட்டியில் போட்டாள்.